நெடுவழிக்கு இரயில், குறுவழிக்கு வாடகைக் கார்

ஊத்துக்குளி என்றதும் வெளியூரார்க்கு வெண்ணெய் நினைவுக்கு வரும். உள்ளூராராகிய எங்களுக்கோ முதலில் நினைவுக்கு வருவது இரயிலடிதான். ஈரோட்டிலிருந்து திருப்பூர் நோக்கி வரும்போது, இங்கூர், விசயமங்கலம் ஆகிய சிறு நிலையங்களைக் கடந்ததும் எங்கள் ஊர். விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை இங்கே நிற்பதில்லை; கூவிக்கொண்டே கடந்து போய்விடும். பாசஞ்சர் வண்டிகளே எங்களை மறவாமல் நின்று ஏற்றிச் செல்கின்றன.

ஆயினும் இந்த இருப்புப்பாதை இளையதன்று. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. ஆறே ஆண்டுகளில், 1862-இல், அந்தப் பாதை சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டிற்கு அருகேயுள்ள பேப்பூரைத் தொட்டுவிட்டது. பனியன் கம்பெனிகளும் நான்கு வழிச்சாலையும் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே எங்கள் ஊர்க் காடுகளின் ஓரமாக இரயில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் அப்பாரு காலத்துப் பிரயாண முறையை வீட்டில் பலமுறை கேட்டிருக்கின்றோம். கிராமத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு இரயிலடிக்கு வருவார்கள். போகும் ஊரில் இறங்கியதும் வாசலில் குதிரை வண்டிகள் காத்திருக்கும். கூலி பேசி, மூட்டை முடிச்சுகளை ஏற்றி, வீட்டு வாசலில் போய் இறங்குவார்கள். நெடுவழியை இரயில் பார்த்துக்கொண்டது. குறுவழியை வாடகை வண்டி பார்த்துக்கொண்டது. இதற்கு அவர்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. வேறு வழியின்மையே அந்த வழியை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது. இன்று நமக்கு வேறு வழிகள் பல உண்டு. ஆகவேதான் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாசலில் வந்து நிற்கும் வண்டி

செங்கப்பள்ளி வழியாகச் செல்லும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை எங்களுக்குப் பெருவசதி. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, துக்கம் எதுவானாலும் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு வாசலில் ஏறி வாசலில் இறங்குவது இப்பொழுது எங்கள் பகுதிக் குடும்பங்களின் வழக்கம். அதன் சௌகரியத்தை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் அது பேருதவி. மருந்துப் பை, வெந்நீர்க் குடுவை, சீர்த்தட்டு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

ஆனால் நெடுஞ்சாலை நகரத்தின் வாயில்வரைதான் நெடுஞ்சாலை. அதற்குப் பின் அது நெருக்கடிச் சாலை. கோவைக்குள் நுழைய அவினாசி சாலையில் பட்ட பாட்டை எங்கள் பகுதியார் அறிவார்கள். அந்நெருக்கடியைத் தீர்க்கவே உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலம் கட்டி, 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் திறந்தார்கள். பாலத்தின் மேல் காற்றாய்ப் போகலாம். இறங்கிய பின் பழைய தெருதான். பெங்களூருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊத்துக்குளியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அதில் ஓசூர் வரை ஒரு பிரயாணம். ஓசூரைத் தாண்டி சில்க் போர்டு சந்திப்பையும் மாரத்தஹள்ளியையும் கடப்பது வேறொரு பிரயாணம். முந்தியது கிலோமீட்டரால் அளக்கப்படும்; பிந்தியது பொறுமையால் அளக்கப்படும்.

இந்த நெருக்கடிக்குத் தப்ப எங்கள் பக்கத்தார் கண்ட உபாயம், நள்ளிரவில் புறப்படுவது. இரவு ஒரு மணிக்குக் கிளம்பினால் கூட்டத்துக்கு முன்பாக நகருக்குள் நுழைந்துவிடலாம் என்பது கணக்கு. ஒரு நாள் வாடகையிலேயே முடித்துக்கொள்ள அன்றிரவே திரும்பிவிடுவதும் உண்டு. உள்ளே இருப்பவர்கள் தலை சாய்த்து உறங்குகின்றார்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் உறக்கம் இல்லை.

அம்மா கேட்ட ஒரு கேள்வி

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுகின்றோம். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவருடைய ஒரே அக்காள், எங்கள் பெரியம்மா, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மகன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். நாள்கள் எண்ணப்படுகின்றன என்று மருத்துவர் சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. அன்றிரவே புறப்படுவது என்று அண்ணன் முடிவு செய்து, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கார் ஓட்டும் இளைஞரைச் சொல்லி வைத்தார். இரவு ஒன்பது மணிக்கு வண்டி வந்து நின்றது. ஒரு மணிக்குக் கிளம்பலாம், அதுவரை சற்றே இளைப்பாறட்டும் என்று திண்ணையில் உட்கார வைத்தோம். காப்பி கொண்டுவந்து கொடுத்த அம்மா, அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏந் தம்பி, நேத்து எந்நேரம் தூங்குனீங்க?”

“நேத்து குருவாயூர் சவாரிங்க ஆத்தா. வந்து சேர ராத்திரி ஒரு மணி ஆயிப்போச்சுங்க. விடியால ஏர்ப்போர்ட்டுக்கு ஒரு சவாரி. மத்தியானம் வண்டியிலயே கொஞ்சம் கண்ணசந்தனுங்க. எனக்கு இதெல்லாம் பழக்கந்தானுங்க.”

அவருக்குத் திருமணமாகி ஒன்றரை ஆண்டு. ஆறு மாதக் குழந்தை. அவருடைய தாயாரும் எங்கள் அம்மாவும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள். அம்மா உள்ளே வந்து எங்களிடம் சொன்னார்:

“நான் எங்கக்காளப் பாக்கத்தான் போறன். இந்தப் பையனோட அம்மா வயித்துல நெருப்பக் கட்டிப்போட்டு நான் போயிப் பாக்க வேண்டாம்.”

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபமே. “நாளைக்கு வரைக்கும் பெரியம்மா இருப்பாங்கன்னு யாரும்மா சொல்ல முடியும்?” என்றார். அந்தக் கேள்விக்கு எங்களில் எவரிடமும் விடை இல்லை. அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இருந்தா பாக்கறன். இல்லாட்டி அவ சாமிகிட்டப் போயிட்டான்னு நெனச்சுக்கறன்” என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது.

உடலின் கணக்கு

அன்னையார் சொன்னது வெறும் மனஇரக்கம் என்று எண்ண வேண்டாம். 1961-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வண்டி ஓட்டுபவருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வேலை வரம்பு வகுத்தது; ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரைமணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றது. சட்டங்கள் பெயர் மாறும், ஏடு மாறும். உடலின் கணக்கு மாறாது. 1997-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவருடைய நிலைக்குத் தாழ்ந்துவிடும் என்று அது கண்டது. நம் நாட்டுச் சட்டமோ வண்டி ஓட்டுபவருக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு, அதாவது 0.03 விழுக்காட்டுக்கு, மேல் மது இருக்கலாகாது என்கிறது. குடித்தவர் ஓட்டும் வண்டியில் நம் பிள்ளைகளை ஏற்றுவோமா? உறங்காதவர் ஓட்டும் வண்டியில் மட்டும் எப்படி மனம் துணிந்து ஏற்றுகின்றோம்?

மேலும், சேலத்திற்கும் தருமபுரிக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் இருக்கின்றது. சரிவும் வளைவும் சரக்கு லாரிகளும் ஒன்றுசேரும் அந்த இடத்தில் நேர்ந்த விபத்துகளைச் செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிவர். ஒரு மணிக்கு ஊத்துக்குளியில் புறப்படும் கார், பின்னிரவில், கண்கள் தாமாக மூடிக்கொள்ளும் வேளையில்தான் அந்தச் சரிவை அடைகிறது.

நாங்கள் போன விதம்

மறுநாள் காலையில் தட்கல் முறையில் பயணச்சீட்டுக்கு முயன்றோம். அம்முறையில் புறப்படும் நாளுக்கு முந்திய நாள்தான் பதிவு செய்ய முடியும். குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை பத்து மணிக்கும், சாதாரணப் படுக்கை வகுப்புக்குப் பதினொரு மணிக்கும் பதிவு தொடங்கும். கன்னியாகுமரியிலிருந்து பெங்களூரு செல்லும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில், அதற்கடுத்த நாள் இரவுக்கு மூன்று இடங்கள் கிடைத்தன. நாங்கள் இருவரும் அம்மாவும் போவது, அண்ணன் பின்னர் வருவது என்று ஏற்பாடு.

வண்டியோட்டும் தம்பியை அம்மா வெறுங்கையுடன் அனுப்பவில்லை. இரண்டு நாள் நன்றாக உறங்கிவிட்டு வரச்சொல்லி, எங்களைத் திருப்பூர் நிலையத்திற்குக் கொண்டுவிடவும், திரும்பும்போது அழைத்துவரவும் அவரையே அமர்த்தினார். பெங்களூருச் சவாரியில் கிடைத்திருக்கும் தொகை அவருக்கு இதில் கிடைக்காது என்பது உண்மை. ஆயினும் அன்றிரவு அவர் தம் குழந்தையின் அருகில் உறங்கினார்.

திருப்பூரில் அந்த வண்டி ஓரிரு நிமிடங்களே நிற்கும். ஆகவே முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். நிலையத்தில் கேட்டதும் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று போர்ட்டர் சரியாகக் கணித்து அங்கேயே நாற்காலியை நிறுத்தினார். எங்களுக்கு வாய்த்தவை மேல் படுக்கைகள். கீழ்ப் படுக்கையிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் அம்மாவைக் கண்டதும், நாங்கள் கேட்கும் முன்பே எழுந்து இடம் கொடுத்தார். அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தார். சேலம் வந்ததை அவர் அறியார், எங்களுக்கும் அரைத்தூக்கந்தான். பங்காருப்பேட்டையைக் கடந்த பின்னர் எழுப்பினோம்.

இரயில் பெங்களூருவின் நடு நிலையம் வரை செல்லும்; நாங்கள் அதுவரை செல்லவில்லை. நகரின் கிழக்கு ஓரத்திலுள்ள கிருஷ்ணராஜபுரத்தில், தெருக்கள் நிறைவதற்கு முன்பாகவே இறங்கினோம். ஒயிட்ஃபீல்டு அந்தப் பக்கந்தான். பெரியம்மா மகன் அவ்வூர் வாடகைக் கார் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஓட்டுநர் நடுத்தர வயதினர். முகம் கழுவி, நெற்றியில் விபூதியுடன் நின்றார். “நேத்து எந்நேரம் தூங்குனீங்க?” என்று அம்மா தமிழிலேயே கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, பத்து மணிக்கே படுத்துவிட்டதாகப் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சொன்னார். சில்க் போர்டைக் காணாமலே, ஊரடங்கிய தெருக்கள் வழியாக வீடு போய்ச் சேர்ந்தோம்.

பெரியம்மா இருந்தார். கண் திறந்து பார்த்தார். “வந்திட்டியா சின்னு?” என்றார். அறுபது ஆண்டுகளாக அம்மாவை யாரும் அழைக்காத பெயர் அது. இரண்டு நாள்கள் அம்மா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. இரவு முழுவதும் காரில் குலுங்கி வந்திருந்தால் இப்படி உட்கார்ந்திருக்க அவருக்கு உடலில் வலு இருந்திருக்குமா என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அண்ணனும் மறுநாள் வந்து சேர்ந்தார். நாங்கள் ஊர் திரும்பிய பதினொன்றாம் நாள் பெரியம்மா இறந்தார்.

பெரியம்மா அதற்கு முன்பே போயிருந்தால் அம்மாவின் முடிவைப் பற்றி என்ன சொல்லியிருப்போம் என்று சிலர் எங்களைக் கேட்டதுண்டு. வருத்தப்பட்டிருப்போம். ஆனால் ஒருவருடைய கடைசி நேரத்தைக் காண, மற்றொருவரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை என்ற அம்மாவின் சொல் அப்பொழுதும் சரியாகவே இருந்திருக்கும்.

மனத்திற்கொள்ள வேண்டியவை

இம்முறையை மேற்கொள்ள விரும்பும் குடும்பங்களுக்கு, அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, இறங்கும் நிலையத்தை ஊரின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாகாது. போகும் வீடு ஊரின் எத்திசையில் இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெங்களூருவின் தெற்கே போக ஓசூர், கிழக்கே போக கிருஷ்ணராஜபுரம், நடுவூருக்குக் கண்டோன்மெண்ட். சென்னைக்கு மேற்கேயுள்ள ஊர்களுக்குச் செல்வோர் அரக்கோணத்தை நினைத்துப் பார்க்கலாம். கோவைக்குத் தெற்கே போக வேண்டியவர்க்குப் போத்தனூர் உண்டு. இருகூரில் இருப்புப்பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று பீளமேடு வழியாகக் கோவைச் சந்திப்புக்கும், மற்றொன்று நேரே போத்தனூருக்கும் செல்கிறது. எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நில்லா. பயணச்சீட்டு எடுக்கும் முன் கால அட்டவணையைப் பார்ப்பது அவசியம். 139 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

இரண்டாவது, காரை இறங்கும் ஊரிலேயே அமர்த்துவது நல்லது. நம் ஊரிலிருந்து கொண்டுபோனால் போக வர இரு வழிக் கிலோமீட்டருக்கும் வாடகை, ஓட்டுநர் படி, சுங்கச்சாவடிக் கட்டணம், மாநில எல்லை தாண்டினால் அதற்கான வரி என்று கணக்கு நீளும். இறங்கும் ஊர் வண்டிக்கு இவற்றில் பெரும்பகுதி இல்லை. அவ்வூர்த் தெருக்களும் அவருக்குப் பழக்கம். இரயில் தாமதமானால் காத்திருக்கும் கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் முன்னரே பேசிவிட வேண்டும்.

மூன்றாவது, எண் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடப்படுவது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துள்ளவை சொந்த உபயோகத்திற்கு உரியவை. மின்சாரக் கார்களின் பலகை பச்சை. அதில் எழுத்து மஞ்சளாக இருந்தால் வாடகைக்கு உரியது. சொந்த உபயோக வண்டியை யாரேனும் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொன்னால் விலகுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிட்டுவிடக் கூடும். நாமே ஓட்டும் வண்டியை எடுத்தால், ஏற்கெனவே உள்ள கீறல்களை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னர் வரும் வழக்கைத் தவிர்க்கும்.

நான்காவது, முதியோருக்குக் கீழ்ப் படுக்கை வேண்டுமானால் முன்னதாகவே பதிவு செய்யுங்கள். 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் இடமிருக்கும் வரை கீழ்ப் படுக்கை ஒதுக்கும் முறை இரயில்வேயில் உண்டு. புறப்படும் நாளுக்கு 60 நாள்கள் முன்பிருந்தே பதிவு செய்யலாம். 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாள்களாக இருந்தது.

இம்முறை எல்லார்க்கும் எப்பொழுதும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தான நோயாளிக்கு ஆம்புலன்ஸ்தான் வழி. ஆறேழு பேர் சேர்ந்து செல்லும்போது பணத்தில் பெரிய மிச்சம் இராது. இருவர் மூவராகச் செல்லும்போதுதான் கணக்கில் இலாபம் தெரியும். நடுச்சாமத்தில் இறங்க நேரும் வண்டியும் உகந்ததன்று. அத்தகைய வேளையில் காரிலேயே செல்ல நேர்ந்தால், பகலில் புறப்படுங்கள். ஓர் இரவு அங்கே தங்குங்கள். ஓட்டுநருக்கும் படுக்க இடமும் பாயும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கல்யாண மண்டபத்தில் நமக்கு அறை எடுக்கும்போது, அவர் ஸ்டீயரிங் மீது தலை வைத்துப் படுத்திருப்பதைக் காண்கின்றோம் அல்லவா?

பிற நாட்டார் இதனை முறையான ஏற்பாடாகவே ஆக்கிவிட்டார்கள். ஜப்பானில் இரயில் நிலையத்தின் வாசலிலேயே வாடகைக் கார் நிலையம் இருக்கும். சுவிட்சர்லாந்தில், மக்கள் பங்குதாரர்களாக உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கம் 1997 முதல் நடந்து வருகிறது. இரயில் நிலையங்களில் அதன் கார்கள் நிற்கின்றன. வேண்டியவர் சில மணி நேரத்திற்கு எடுத்துச் சென்று மீண்டும் கொண்டுவந்து விடுகின்றார். நமக்கு அத்தகைய ஏற்பாடு முழுமையாக வரவில்லை. ஆனால் இரயிலும் இருக்கின்றது, நிலைய வாசலில் காரும் இருக்கின்றது. இரண்டையும் சேர்க்கும் வேலை மட்டுமே நம்முடையது. அதை எங்கள் அப்பாரு மாட்டு வண்டியைக் கொண்டே செய்து காட்டிவிட்டார்.

எங்கள் தெருவில் இப்பொழுது ஒரு சிறு மாறுதல். அடுத்த தெருத் தம்பிக்குத் திருப்பூர், ஈரோடு நிலையங்களுக்குக் கொண்டுவிடும் சவாரிகள் அடிக்கடி வருகின்றன. நெடுந்தூரச் சவாரியும் அவர் விடவில்லை; ஆனால் இரவில் ஓட்டுவதானால் மாற்று ஓட்டுநர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்கின்றார். அதற்கான படியைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கின்றார்களாம். அன்பு வாசகர்களே, அடுத்த முறை நீங்கள் வண்டி அமர்த்தும்போது, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பாக, எந்நேரம் உறங்கினீர்கள் என்று கேளுங்கள். விடை மனத்திற்கு ஒவ்வாததாயின், இரயிலடிக்கு வழி கேளுங்கள்.